கலந்ததில் தவறில்லை, கிளாவே கேட்க வேண்டும்

1958இல் கியூபத் தலைநகர் ஹவானாவில் நடக்கும் 'டர்ட்டி டான்சிங்: ஹவானா நைட்ஸ்' (2004) என்ற நடனப் படத்தின் இசையில் ஹிப்ஹாப்பைக் கலந்தது எதற்கு என்று ஒரு கட்டுரை கோபமாகக் கேட்கிறது. கோபம் புரிகிறது. ஆனால் கலப்பே இல்லாத கியூப இசை என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. மாம்போ என்ற கியூப நடன இசையே, டான்சோன் என்ற பழைய கியூப நடன இசையும் அமெரிக்க ஜாஸும் சேர்ந்து வளர்ந்ததுதான். கியூப இசைக்கலைஞர் பெரெஸ் பிராடோ அதை உலகெங்கும் கொண்டுபோனது மெக்சிகோவிலிருந்து. படத்தின் ஆல்பத்தில் பாடும் ஒரிஷாஸ் குழுவும் கியூபக்காரர்கள்தான். சோன் என்ற கியூப மரபிசையோடு ராப்பைச் சேர்த்தவர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. கிளாவே என்பது கியூப இசையில் இரண்டு மரக்குச்சிகளைத் தட்டி எழுப்பும் அடிப்படைத் தாளம். மூன்று தட்டு, அப்புறம் இரண்டு தட்டு, அவ்வளவுதான். ஆடுபவரின் கால் பிடித்துக்கொள்வது அதைத்தான். சல்சா கற்ற புதிதில் எனக்குக் கால் தடுமாறியபோது, ஆசிரியர் பாட்டை நிறுத்திவிட்டு அந்த ஐந்து தட்டை மட்டும் கைதட்டிக் காட்டினார். சட்டென்று பிடிபட்டது. எலக்ட்ரானிக் டிரம் அதை மூடிவிட்டால், திரையில் கால் ஒரு பக்கமும் காதில் விழுவது ஒரு பக்கமுமாகப் போய்விடுகிறது. படம் நடக்கும் காலம், கியூபப் பாடகர் பெனி மோரே தன் பெரிய இசைக்குழுவோடு கொடிகட்டிப் பறந்த காலம். நடனக் காட்சிகளில் அந்த ஒலிக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.