குளத்தை எண்ணி மீன்பண்ணை வளர்ந்ததாகச் சொல்லாதீர்கள்

ஓமலூர், மேச்சேரி, வாழப்பாடி பக்கம் ஒரு ஏக்கரில் மீன் வளர்த்து முதல் அறுவடையில் நாலு காசு பார்த்தவர்களுக்கு உடனே தோன்றுவது, "இன்னும் ரெண்டு குளம் வெட்டிடலாம்." 2020-இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 40, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் என்றதும் ஆசை இன்னும் கூடுகிறது. ஜேசிபியை இறக்கினால் குளம் ஒரு வாரத்தில் வந்துவிடும். பண்ணைத் தொழில் அப்படி வராது.

முதலில் பெருக்க வேண்டியது நாற்றங்கால், அதாவது குஞ்சு வளர்க்கும் சின்னக் குளம். ஏக்கருக்கு 4,000 விரலி (விரல் நீளக் குஞ்சு) விட்டால் 10 ஏக்கருக்கு 40,000 வேண்டும். வெளியே வாங்கினால் கேட்ட மாதத்தில் கிடைக்காது, கிடைத்தாலும் அளவு ஒன்றாக இருக்காது. கட்லா என்று எண்ணி வாங்கியதில் பாதி வேறாக இருக்கும். நுண்குஞ்சு (பொரித்துச் சில நாளே ஆனது) வாங்கி நாமே வளர்த்தால், முதல் 15–20 நாளில் மூன்றில் ஒரு பங்கு தேறும். அதிலிருந்து விரலி ஆவதற்குள் மறுபடி மூன்றில் ஒரு பங்கு போகும். ஆக 40,000 விரலிக்குச் சுமார் 1.8 லட்சம் நுண்குஞ்சு, 10 சென்ட் நாற்றங்கால், அதற்கடுத்த கட்டத்துக்கு 60 சென்ட். இவ்வளவுதான்.

நாற்றங்காலில் குஞ்சு காணாமல் போனால் பலரும் தண்ணீரைத் திட்டுகிறார்கள். தின்றது பெரும்பாலும் நீர்ப்பூச்சி. 10 சென்ட்டுக்கு இரண்டேகால் கிலோ மலிவு எண்ணெயில் முக்கால் கிலோ துணி சோப்பைக் கரைத்து, குஞ்சு விடும் முந்தைய நாள் காற்றில்லாத நேரத்தில் தெளித்தால் போதும். மூச்சுவிட மேலே வரும் பூச்சி எண்ணெய்ப் படலத்தில் சிக்கிச் செத்துவிடும். காற்று அடித்தால் படலம் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும், செய்தது வீண். விரால், கெளுத்தி ஒளிந்திருக்கும் பழைய குளமென்றால் இலுப்பைப் புண்ணாக்கு போட்டு, மூன்று வாரம் நஞ்சு தணியவிட்டுத்தான் குஞ்சு.

அடுத்தது தீவனப் பணம். வளர்ந்துவரும் பண்ணைகள் கவிழ்வது இங்கேதான். ஏக்கரில் 3,200 மீன் தலா 600 கிராம் இருந்தால் மொத்தம் 1,920 கிலோ. மீன் எடையில் 2 சதவீதம் வைத்தால் நாளுக்கு 38 கிலோ தீவனம். ஏக்கருக்கு ஒன்றாக 10 குளத்தையும் ஒரே மாதத்தில் நிரப்பியவருக்கு அது 380 கிலோ. விற்பனைக்கோ இன்னும் மூன்று நான்கு மாதம் இருக்கும். கடைக்காரர் கடனுக்குத் தருவார். மீன் பிடிக்கும்போது விலையையும் அவரே சொல்வார். இரண்டு மாத இடைவெளியில் இரண்டிரண்டு குளமாக நிரப்பினால் ஒன்றின் விற்பனை அடுத்ததன் தீவனத்தைத் தாங்கும். மீன் வளர்ப்பவருக்கும் கிசான் கடன் அட்டை உண்டு, பலர் கேட்பதே இல்லை.

செலவைக் குறைக்கிறேன் என்று மரவள்ளித் திப்பிக்கு (ஜவ்வரிசி எடுத்தபின் மிஞ்சும் சக்கை) போகாதீர்கள். ஆத்தூர், தலைவாசல் பக்கம் சேகோ ஆலைகளில் மலிவாகக் கிடைக்கிறது, மாட்டுக்குப் போடுகிறோம், மீனுக்கு ஆகாதா? ஆகாது. புரதம் இரண்டு மூன்று சதவீதம்கூடத் தேறாது. தின்னாமல் அடியில் தங்கியது அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் குடித்துவிடும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து வைப்பது எவ்வளவோ மேல்.

ஆக்சிஜன் என்றதும் ஏரேட்டர் வாங்குகிறார்கள், ஜெனரேட்டர் வாங்குவதில்லை. இரவில் பாசியும் மூச்சு விடும், அதனால் விடியற்காலை நாலு மணிக்கு ஆக்சிஜன் அடிமட்டத்தில் நிற்கும். அப்போது கரண்ட் போனால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். ஒரு குளமென்றால் டீசல் என்ஜினில் அதே தண்ணீரை வாரி மேலே பீய்ச்சிச் சமாளிக்கலாம். 10 குளத்துக்கு ஆளே போதாது. மேகமூட்டமான நாளில் தீவனத்தைப் பாதியாக்குங்கள். (காற்றை ஊதிக்கொண்டே நெருக்கமாக மீன் வளர்க்கும் பயோஃப்ளாக் தொட்டிக்கு இன்னும் மோசம், அரை மணி நேர மின்வெட்டே கையைக் கடித்துவிடும்.)

சந்தையில் ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் கட்லாவோடு விலையில் மோத முடியாது. நம்மிடம் இருப்பது உயிர்மீன். 700 கிராம் தாண்டியதை மட்டும் இழுவலையில் பிரித்து ஞாயிறுதோறும் கொஞ்சமாக விற்றால் விலை நிற்கும், மிச்ச மீனுக்கு இடமும் கிடைக்கும். பிடிப்பதற்கு ஒரு நாள் முன்பே தீவனத்தை நிறுத்துங்கள். வயிறு நிறைந்த மீன் தொட்டியை நாறடித்து, சேலம் போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும்.

குஞ்சுப் பொரிப்பகம் வைக்கலாமா என்று கேட்கிறவர்கள், முதலில் சொந்தக் குளங்களுக்கான விரலியை இரண்டு பருவம் வெளியே வாங்காமல் ஓட்டிப் பார்க்கட்டும்.