பம்புல கை வைக்காதீங்க, முதல்ல ராடைப் பாருங்க!

இதை இன்னைக்கு எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது. அவ்வளவு எரிச்சல்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை டெல்டாக்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அங்கே மாட்டினேன். அப்பா வச்சிருந்த 1967 மாடல் மெர்சிடிஸ் 250 எஸ்இ. அணைச்சா மறுபடி பிடிக்காதோன்னு பயந்து எஞ்சினை ஓடவிட்டேன். பின்னாடி கரும்புகை. பைக்ல வந்த பெரியவர் துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டார். கேட் திறந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிச்சேன், ரெண்டு இருமு இருமிட்டு நின்னுடுச்சு. பின்னாடி அத்தனை லாரியும் ஹாரன். பானட்டைத் திறந்து ஒரு பிளக்கைக் கழட்டினா, விரல்ல கண்மை மாதிரி கரி ஒட்டுது.

இது வண்டியோட கோளாறு இல்லை. அதுக்குப் பத்து நாள் முன்னாடி "பிக்கப் இல்லை, மிதிச்சா ஒரு நொடி திணறுது"ன்னு ஒரு பட்டறையில விட்டேன். நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து ஊத்துற இன்ஜெக்ஷன் பம்பு பின்னாடி இருக்கிற குமிழைத் திருகியாச்சு. எத்தனை க்ளிக்குண்ணேன்னு கேட்டா, "ஒரு சுத்து இருக்கும் தம்பி"ங்கிறார். ஒரு சுத்தா! அதுல ஒரு க்ளிக், ரெண்டு க்ளிக்னு வச்சுத்தான் பார்க்கணும். அதுவும் எஞ்சினை நிறுத்திட்டு, குமிழை உள்ளே அமுக்கி, பல் கவ்வினதைக் கையில உணர்ந்த பிறகு. ஓடும்போது உள்ளே கவர்னர், அதாவது எஞ்சின் வேகத்தை உணர்ற பாகம், சுத்திக்கிட்டு இருக்கும். அப்ப அமுக்கினா என்ன ஆகும்னு யோசிக்க வேண்டாமா?

அவர் கெட்டவர் இல்லை. நல்ல கைகாரர். டிராக்டர் பம்பும் இதுவும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வரிசையா குழாய், பக்கத்துல லீவர், பின்னாடி கவர்னர். அங்கேதான் தப்பு நடக்குது. டீசல் எஞ்சினுக்குள்ள காத்து தாராளமா போகும். டீசலைக் கூட்டி வச்சா இழுவை கூடும், தாளடிக்கு உழுற வண்டி சேத்துல திணறாது. பெட்ரோல் அப்படி இல்லைங்க. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காத்து வேணும், ரெண்டும் சேர்ந்தே ஏறணும், சேர்ந்தே இறங்கணும். அதுக்காகத்தான் பம்பைச் செஞ்ச ஜெர்மன் கம்பெனி பாஷ்காரன் அந்தப் பம்புக்குள்ள மேடும் பள்ளமுமா ஒரு கேம் செதுக்கி வச்சிருக்கான். மிதிக்கிற அளவுக்கு அது திரும்பும், எஞ்சின் வேகத்துக்கு முன்னும் பின்னும் நகரும். ஒரு முள் அதைத் தடவிப் பார்த்து, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ரேக்கைத் தள்ளும். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, இரும்பே கணக்குப் போடுது! வெளியே இருக்கிற குமிழ் ஐடிலுக்கு, அதாவது மிதிக்காம எஞ்சின் சும்மா ஓடுறப்போ. அதைத் திருகி ஓட்டத்துல இருக்கிற குறையைத் தீர்க்கப் பார்த்தா, கேட்ல நிக்கும்போது புகைதான் வரும்.

உண்மையான கோளாறு என்ன தெரியுமா? எஞ்சினோட காத்துக் கதவான த்ராட்டில்லிருந்து பம்பு லீவருக்குப் போற ராடோட பால் ஜாயின்ட் தேய்ஞ்சிருக்கு. விரலால ஆட்டினா கடகடன்னு ஆடுது. காத்துக் கதவு முதல்ல திறக்குது, லீவர் பின்னாடி வருது. அந்த ஒரு நொடி பெட்ரோல் பத்தலை. அதான் திணறல். சின்ன உருண்டை ஒண்ணு! ராடைக் கழட்டி, த்ராட்டிலும் லீவரும் அதது முட்டுல (ஸ்டாப்) உட்காருதான்னு பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகாது. சூடான எஞ்சின்ல, குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோலும் காத்தும் குடுக்கிற வார்ம் ரன்னிங் டிவைஸோட காத்துத் துவாரத்தை விரலால மூடிப் பார்க்கணும். அப்பவும் உறிஞ்சினா அது தனிக் கோளாறு. பிளக், ஃபில்டர், டைமிங் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பம்பு. கடைசியாத்தான் பம்பு!

இதுல பங்க்ல போடுற பெட்ரோல் வேற. 2023ல சில பங்க்குகள்ல ஆரம்பிச்ச 20 சதவீத எத்தனால் கலப்பு இப்போ எல்லா இடத்துலயும். எத்தனால்லயே ஆக்ஸிஜன் இருக்கிறதால, அதே ஒரு லிட்டருக்குச் சுமார் 7 சதவீதம் குறைச்ச காத்து போதும். புது வண்டி சென்சார் வச்சுச் சரி பண்ணிக்கும். என் பம்பு 1967ல கத்துக்கிட்ட அளவையே ஊத்தும், காத்துக்கு ஏத்த எரிபொருள் பத்தாம கலவை மெலிஞ்சு போகும். பழைய ரப்பர் ஹோஸும் ஊறிப் போகுது. கலப்பில்லாத பெட்ரோல் வேணும்னு கேட்கக்கூட எங்களுக்கு வழி இல்லையா? இந்தக் குறைக்குப் பம்பைக் கூட்டித்தான் ஆகணும், ஒத்துக்கிறேன். ஆனா அளந்து கூட்டணும். கண்ணை மூடி ஒரு சுத்து இல்லை.

பால் ஜாயின்ட்டை மாத்திட்டேன். இப்போ தினம் காலையில வலங்கைமான் வரைக்கும் ஓட்டிட்டு வந்து, பிளக்கைக் கழட்டி நிறம் பார்த்து, ஒரு க்ளிக் திருப்பி நோட்டுல எழுதுறேன். இன்னைக்குப் பதினொண்ணாவது க்ளிக். கரி குறைஞ்சிருக்கு, சரியான கலவைக்கு அடையாளமான பிஸ்கட் நிறம் இன்னும் வரலை. அதுக்குள்ள பட்டறையிலிருந்து போன்: "அதைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு கார்புரேட்டர் மாட்டிடலாம் தம்பி, தொல்லை விடும்."

மாட்ட மாட்டேன் அண்ணே. எத்தனை தடவை கேட்டாலும் மாட்ட மாட்டேன்.