ஈட்டி மரத்தின் நாதம்

கையால் செய்த கிதாரின் நாதத்தை அழகாக விவரித்த உங்கள் கட்டுரை, மரத்துக்கு இரண்டே வரி ஒதுக்கியது போதாது. வயநாட்டை ஒட்டிய எங்கள் கூடலூர்ப் பக்கம் வளரும் ஈட்டி, அதாவது ரோஸ்வுட், சாதாரண மரமா? பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானதும், 1969 வாக்கில் அமெரிக்காவின் மார்ட்டின் கிதார் நிறுவனமே இந்திய ஈட்டிக்கு மாறியது.

என் தம்பி சொல்லிச் செய்வித்த கிதாருக்கும் முதுகும் பக்கங்களும் ஈட்டிதான். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தாலான மேற்பலகையின் அடியில் பெருக்கல் குறி போல ஒட்டிய சட்டங்கள், நுனியில் உளியால் சீவிச் சீவி மெலிந்திருந்தன. கூடுதலாகச் சீவினால் பலகை கம்பிகளின் இழுப்பைத் தாங்காது. குறைவாகச் சீவினால் ஒலி அடைத்துக்கொள்ளும். என்ன கைப்பக்குவம்! தடித்த கம்பியை மீட்டினால் அணைத்திருப்பவரின் நெஞ்சுவரை அதிர்கிறது. ஒட்டுப்பலகைக் கிதார் எதிலும் இதை நான் உணர்ந்ததில்லை. அடுத்த கட்டுரையில் அந்தச் சட்டங்களைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.