கார்ல் ஃபான் முல்லர் எழுதாத புத்தகம்

எம்டன் என்றால் சென்னைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, விளக்குகள்கூட அணைக்கப்படாத மெட்ராஸுக்கு எதிரே வந்து நின்று, நூற்றுச் சொச்சம் குண்டுகளைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். அதை நடத்தியவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. சிலர் செண்பகராமன் பிள்ளை என்று அடித்துச் சொல்வார்கள். செண்பகராமன் மீது எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் அவர் அந்தக் கப்பலில் வந்ததற்கு ஆதாரம் கிடையாது. அப்போது அவர் ஐரோப்பாவில் இருந்தார். எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர்.

1873-ல் ஹனோவரில் ஒரு ராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்து, 1891-ல் கடற்படைக்கு வந்தவர். அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் ஊர் பேசும்படி எதுவும் நடக்கவில்லை. பயிற்சிக் கப்பல், சிக்னல் வேலை, பீரங்கிப் பிரிவு, பெர்லினில் மேஜை உத்தியோகம். கிழக்கு ஆப்பிரிக்கக் கடலில் இருந்தபோது பிடித்த மலேரியா மட்டும் கடைசிவரை விடவில்லை. நாற்பதை நெருங்கும்போதுதான் எம்டன் அவர் கைக்கு வந்தது.

போர் தொடங்கியதும் ஜெர்மனியின் கிழக்காசியக் கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து போக முடிவெடுத்தன. ஒரே ஒரு கப்பலை மட்டும் இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பலாம் என்று யோசனை சொன்னவர் முல்லர். தளபதி ஃபான் ஸ்பே அவரையே அனுப்பிவிட்டார். ஒதுங்க ஒரு துறைமுகம்கூட இல்லாத கடல். கரிக்குப் பெரும்பாலும் பிடிக்கிற கப்பல்களைத்தான் நம்ப வேண்டும். மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நாலாவது ஒன்றையும் நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல்போலக் காட்டிக்கொண்டு சுற்றினார்.

இரண்டு மாதத்தில் பதினாறு பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் மூழ்கின. ஆட்களை முதலில் இறக்கிக்கொண்டு அப்புறம்தான் மூழ்கடித்தார். கபிங்கா என்ற கப்பலில் அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அதை மூழ்கடிக்காமல், கைதிகளை ஏற்றி விட்டுவிட்டார். டியகோ கார்சியா தீவில் இருந்தவர்களுக்கு உலகப் போர் தொடங்கியதே தெரியாது. எம்டன் ஆட்கள் அங்கே கப்பலைச் சுத்தம் செய்துகொண்டு, அவர்களுடைய பழுதான மோட்டார் படகையும் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இதனால்தான் அவரைக் கண்ணியமான எதிரி என்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெட்ராஸில் அன்றிரவு உயிர்கள் போயின. அக்டோபர் 28 அதிகாலையில் பினாங்கில் நின்றிருந்த ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை அதே பொய்ப் புகைபோக்கியோடு நெருங்கி அடித்தபோது எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் தன் பெரிய பீரங்கிகளால் எம்டனை நொறுக்கியபோது முல்லரின் ஆட்களே நூற்றுமுப்பது பேருக்கு மேல் மாண்டார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு சாகசக் கதை மட்டும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

முல்லராலும் முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். மால்டாவில் சிறை, பிறகு இங்கிலாந்தில். 1917-ல் சுரங்கம் தோண்டி இருபது பேருக்கு மேல் தப்பியபோது அவரும் தப்பினார், மாட்டிக்கொண்டார். மலேரியா முற்றியதால் 1918-ல் நெதர்லாந்துக்கு அனுப்பி, பிறகு ஊருக்கு விட்டார்கள். ஜெர்மனியின் மிக உயர்ந்த ராணுவ விருது கிடைத்தது. கீழே வேலை பார்த்த அதிகாரிகள் எம்டன் பற்றிப் புத்தகம் போட்டார்கள். கேப்டன் எழுதியிருந்தால் எப்படி விற்றிருக்கும்! தோழர்களின் ரத்தத்தில் காசு பார்க்கிற உணர்வு தனக்கு வராமல் இருக்காது என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

அவருடைய பணி வாழ்க்கையில் நான் பெரிதாக மதிப்பது இந்த மறுப்பைத்தான். மெட்ராஸ், பினாங்கு எல்லாம் எனக்கு இதற்கு அடுத்தபடிதான். 1923-ல், ஐம்பது வயதுகூட ஆகாமல், மலேரியா உருக்குலைத்த உடம்போடு இறந்தார்.

வருகிற செப்டம்பர் 22-க்கு எம்டன் பதிவு போடுகிறவர்கள், தயவுசெய்து கேப்டன் பெயரைச் சரியாகப் போடுங்கள். மெட்ராஸில் அன்று செத்தவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.