ஃபோகஸ் தவறிய அந்தப் படம்

பங்க் இசை என்றதும் பலருக்கு ஊசி ஊசியாய் நிற்கும் தலைமுடிதான் நினைவுக்கு வரும். எனக்கு ஒரு கலங்கலான கருப்பு வெள்ளைப் படம். 1979 செப்டம்பர், நியூயார்க் பல்லேடியம் அரங்கம், தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழுவின் பால் சிமனன் உடம்பை வளைத்து பேஸ் கிட்டாரை மேடையில் ஓங்கி அடிக்கிறார். எடுத்தவர் பென்னி ஸ்மித். ஆள் தன்னை நோக்கி வருகிறாரே என்று பின்வாங்கியபடியே கிளிக் செய்ததில் ஃபோகஸ் போய்விட்டது. அதனால் ஆல்பம் அட்டைக்கு இது வேண்டாம் என்று பென்னியே சொன்னார், குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர்தான் விடாப்பிடியாக நின்று அதையே 'லண்டன் காலிங்' அட்டையாக்கினார்.

நான் ஸ்ட்ரம்மர் கட்சி. எடுத்தவர் எவ்வளவு கிட்டத்தில் நின்றார் என்பதை அந்தக் கலங்கல்தான் காட்டிக்கொடுக்கிறது.

ஆரம்பகால பங்க் படங்களில் எனக்குப் பிடித்ததே இந்தக் கிட்டம்தான். ராபர்ட்டா பெய்லி, நியூயார்க் பவரி தெருவில் இருந்த சி.பி.ஜி.பி. கிளப்பின் வாசலில் உட்கார்ந்து நுழைவுக் காசு வாங்கிக்கொண்டிருந்தவர். தினமும் உள்ளே போய் வரும் முகங்களைத்தான் அவர் படம் எடுத்தார். 1976-ல் வந்த, ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் முதல் ஆல்பத்தின் அட்டையில் நாலு பேரும் செங்கல் சுவர் முன்னால் நிற்கிறார்களே, அது அவர் எடுத்தது. யாரும் அங்கே போஸ் கொடுக்க மெனக்கெடவில்லை, தெரிந்த பெண் கேமரா பிடிக்கிறாள், நிற்கிறார்கள், சரி.

அதே கிளப்பில் காட்லிஸ் என்பவர் ஃப்ளாஷே போடாமல் எடுத்தார். பிராசாய் என்ற பழைய புகைப்படக்காரர் எடுத்த பாரிஸ் இரவுப் படங்கள் மேல் அவருக்கு அப்படியொரு மயக்கம். கையில் பிடித்த கேமராவில் கால் வினாடி ஷட்டரைத் திறந்து வைத்து, பாருக்குள் இருந்த விளக்கையும் தெருவிளக்கையும் மட்டும் நம்பி எடுத்ததால் சில முகங்கள் லேசாகக் கரைந்திருக்கும். ஃப்ளாஷ் அடித்திருந்தால் முகம் தெளிவாக விழுந்திருக்கும், ராத்திரி காணாமல் போயிருக்கும்.

இன்றைக்குப் பெரிய கச்சேரிகளில் புகைப்படக்காரர்களை முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் மேடைக்கு முன்னால் விட்டு, அப்புறம் வெளியேற்றிவிடுகிறார்கள். படங்கள் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கின்றன, எல்லாம் ஒரே ஆள் எடுத்ததுபோல. வியர்த்து ஊற்றி, கிட்டாரை உடைக்கத் தோன்றும் நேரம் நாலாவது பாட்டுக்கு அப்புறம்தானே வரும்? பல்லேடியத்தில் அந்த விதி இருந்திருந்தால் சிமனன் கிட்டாரை ஓங்கும்போது பென்னி ஸ்மித் தெருவில் நின்றிருப்பார்.