வாயைத் திறக்காதது பண்பாடு இல்லை, சார்

ஞாயிற்றுக்கிழமை இங்கே தோக்கியோவில் நம் தமிழர் கூட்டத்துக்கு விருந்தாளியாக வந்தவர் ஜப்பானைப் புகழ்ந்து பேசிய பேச்சைப் பற்றி, நேற்றுப் போட்ட சின்னப் பதிவுக்கு மேல் எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தத் துண்டுக் காணொளி என் பள்ளித் தோழிகள் குழு, மாமியார் வீட்டுக் குழு, சித்தப்பா குழு எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "நீ இருக்கிற ஊரைப் பற்றி எவ்வளவு அழகா சொல்றார் பாரு" என்று எனக்கே திரும்பி வந்துவிட்டது. அன்று முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். அதனால் நடந்ததை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. பேச்சாளர் பெயரும் வேண்டாம்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். அரிசி விலை இரண்டு மடங்கு ஆனது. ஜப்பான்காரன் ஒருத்தனாவது கொடி பிடித்தானா, பஸ்ஸை மறித்தானா, வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனான், அதுதான் பண்பாடு. கைதட்டல். அப்புறம் அந்த வழக்கமான செருப்புக் கதை. ஜப்பான் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தால் இடது கால் செருப்பை மட்டும் தைத்துக் குவிப்பானாம். மறுபடி கைதட்டல். பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொல்லிக் கேட்ட கதை இது. எந்தத் தொழிற்சாலை, எந்த ஊர், எந்த வருஷம் என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

சார், உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

முதலில் அரிசி. 2024 வசந்த காலத்தில் ஐந்து கிலோ பை 2,000 யென்னுக்குப் பக்கத்தில் கிடைத்தது. 2025 மே மாதம் சராசரி விலை 4,200 யென்னைத் தாண்டியது. வெயிலில் விளைச்சல் கெட்டது, பூகம்ப எச்சரிக்கை வந்ததும் மக்கள் வாங்கிக் குவித்தார்கள் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். அதெல்லாம் மேலோட்டம். அரிசி மிஞ்சுகிறது, நடவைக் குறை, வேறு பயிர் வை, பணம் தருகிறோம் என்று அரசாங்கமே 1970 வாக்கிலிருந்து விவசாயிகளிடம் சொல்லிவந்தது. 2018-ல் அந்தத் திட்டத்தைக் காகிதத்தில் முடித்தார்கள். அதற்குள், விவசாயத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களின் சராசரி வயது எழுபதை நெருங்கிவிட்டது. நடவைக் கூட்டு என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த மாதங்களில் கடையில் "ஒரு குடும்பத்துக்கு ஒரு பை" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு பாட்டி. ஐந்து கிலோ பையைத் தூக்கி வண்டியில் வைத்தார். விலைச்சீட்டைக் குனிந்து பார்த்தார். திரும்ப எடுத்து அலமாரியில் வைத்து, மடிப்புக் கலையாமல் பையின் முகத்தை நேராகத் திருப்பிவிட்டு, இரண்டு கிலோ பையை எடுத்துக்கொண்டார். கூடவே மூன்று பாக்கெட் உடோன் நூடுல்ஸ். ஒரு வார்த்தை பேசவில்லை. சார் பக்கத்தில் நின்றிருந்தால் இதையும் பண்பாடு என்று குறித்துக்கொண்டிருப்பார். அந்தப் பாட்டிக்கு வருவது பென்ஷன். அதைக் கொண்டு இரண்டு கிலோதான் வாங்க முடியும். யாரிடம் கத்த வேண்டும், கல்லாவில் நிற்கிற காலேஜ் பையனிடமா?

யாருமே கத்தவில்லை என்பதும் பொய். அதே மே மாதம் வேளாண் அமைச்சராக இருந்த தாகு எத்தோ, "நான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் கொடுப்பது வீட்டில் விற்கிற அளவுக்கு இருக்கிறது" என்று ஒரு கூட்டத்தில் பேசினார். நாலு நாளைக்குள் பதவி காலி. யாரும் வாயைத் திறக்காமலா போனார்? அதற்கு முன்பே மார்ச் கடைசியில் விவசாயிகள் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு தோக்கியோவின் நடுவில், பணக்காரக் கடைகள் இருக்கிற ஆவோயாமா பக்கம் ஊர்வலம் போனார்கள். இதே ஊரில்தான் சார்.

கொஞ்சம் பின்னாலும் போகலாம். 1918-ல் அரிசி விலை ஏறியபோது, தோயாமா பக்கம் உவோசு என்ற கடலோர ஊரில் மீனவப் பெண்கள்தான் முதலில் இறங்கினார்கள். எங்கள் அரிசியைக் கப்பலில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பாதே என்று துறைமுகத்தில் மறித்தார்கள். தீ மாதிரி நாடு முழுக்கப் பரவியது. ராணுவம் வந்தது. செப்டம்பரில் தெராவுச்சி அமைச்சரவையே கவிழ்ந்தது. "அரிசி விலைக்காக ஜப்பான்காரன் சண்டை போட மாட்டான்" என்று ஒருவர் மேடையேறிச் சொல்கிறார், அதற்கு நாம் கைதட்டுகிறோம். அந்த மீனவப் பெண்களின் ஜப்பான் வேறு ஜப்பானா?

வேலைநிறுத்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். 1960-ல் மீகே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கிட்டத்தட்ட ஓராண்டு போராடினார்கள். 1974-ல் அரை நாளுக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தங்கள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். 1975-ல் "வேலைநிறுத்தம் செய்யும் உரிமை வேண்டும்" என்று கேட்டே எட்டு நாள் தேசிய ரயில்வேயை நிறுத்தினார்கள். ஆமாம், நொடி பிசகாமல் ஓடுகிறது என்று நீங்கள் எல்லோரும் புல்லரிக்கிற அதே ரயில். 1987-ல் ரயில்வேயைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், அதோடு அந்தத் தொழிற்சங்கத்தின் இடுப்பு ஒடிந்தது. இப்போது வருஷத்துக்கு அப்படிப்பட்ட வேலைநிறுத்தம் நாற்பதுகூட வருவதில்லை. 2023 ஆகஸ்ட் 31 அன்று இகெபுகுரோ செய்பு பேரங்காடி ஊழியர்கள் கடையை ஒரே ஒரு நாள் மூடிப் போராடினார்கள். பேரங்காடித் துறையில் 61 வருஷத்துக்குப் பிறகு நடந்த முதல் வேலைநிறுத்தம் என்று செய்தி. மறுநாளே கடையை அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று முடித்தார்கள். பேசினால் என்ன நடக்கும் என்று பார்த்தவர்கள் அப்புறம் பேசாமல் இருந்தால், அதற்குப் பெயர் பண்பாடா?

என் பக்கத்து மேசையில் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தொட்ட மனிதர். பெயர் வேண்டாம். இந்த ஊரில் பெரிய கம்பெனிகள் கல்லூரி முடிக்கப்போகிற பிள்ளைகளை மொத்தமாக ஒரே சமயத்தில் எடுப்பார்கள். அந்த வருஷம் தவறினால் பெரிய கதவு சாத்தியதுதான். 1990-களின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் படிப்பு முடித்து வந்தவர்களுக்கு அப்படிச் சாத்திவிட்டது. உறைபனித் தலைமுறை என்றே அவர்களைச் சொல்வார்கள். இவரும் அதில் ஒருவர். கிடங்கு, கால் சென்டர், அப்புறம் ஏஜென்சி மூலமாக எங்கள் ஆபீஸில் மென்பொருள் சோதனை. எங்களுக்கு நீல நிற அடையாள அட்டைப் பட்டை, அவருக்குச் சாம்பல் நிறம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது அவர்தான். போனஸ் வந்தது எனக்கு.

ஏஜென்சி ஊழியர் ஒரே பிரிவில் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2015-ல் சட்டம் வந்தது. அதற்குள் கம்பெனியே அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளட்டும் என்பது நல்ல எண்ணம். நடந்தது என்ன? மூன்று வருஷம் ஆகப்போகிறது என்றதும் அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் அவர் மேசையை ஈரத்தாளால் துடைத்தார். கீபோர்டின் அடியில்கூட. பிறகு ஒவ்வொருவர் மேசைக்கும் போய்த் தனித்தனியாகக் காகிதம் சுற்றிய இனிப்பு ஒன்றை வைத்து, குனிந்து வணங்கிவிட்டுப் போனார். அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட மேனேஜருக்கும் ஒன்று. நிரந்தர ஊழியர் போனால் வழியனுப்பு விருந்து உண்டு, ஏஜென்சி ஆளுக்குக் கிடையாது. நான் அந்த இனிப்பைச் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

"இப்போதெல்லாம் சம்பளம் ஐந்து சதவீதம் ஏறுகிறதே அக்கா" என்று ஒரு தம்பி நேற்றே கமெண்ட் போட்டுவிட்டார். தெரியும் தம்பி. 2024, 2025 இரண்டு வருஷமும் பெரிய கம்பெனிகளும் சங்கங்களும் பேசி முடித்த உயர்வு ஐந்து சதவீதத்துக்கு மேல். ஆனால் விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் 2022, 2023, 2024 மூன்று வருஷமும் சம்பளம் இறங்கியிருக்கிறது. பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவருக்கு உயர்வு. சாம்பல் பட்டைக்காரருக்கு அந்த மேசையே கிடையாது. இந்த நாட்டில் வேலை பார்க்கிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நிரந்தரமில்லாதவர்கள்.

அடுத்த ஆட்சேபம், "ரயில் நேரத்துக்கு வருகிறதா இல்லையா? தொலைந்த பர்ஸ் திரும்பக் கிடைக்கிறதா இல்லையா?" வருகிறது. கிடைக்கிறது. சந்தோஷம்.

எனக்கு நிஜமாகவே எரிந்த இடம் வேறு. "குழந்தை பிறந்தால் ஜப்பான் பெண் வேலையை விட்டுவிடுவாள், அவளுக்குக் குடும்பம்தான் கோயில்" என்றார். சபையில் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்த நாங்களும் சிரித்துக்கொண்டு கேட்டோம். அந்தக் கோயிலுக்கு ஏன் சார் யாரும் வருவதில்லை? 1973-ல் பிறந்த குழந்தைகள் 20 லட்சத்துக்கு மேல். 2024-ல் 6 லட்சத்து 86 ஆயிரம். ஒரு பெண்ணுக்கு 1.15 குழந்தை. என் மகளோடு படித்த பையனின் அம்மா கடையில் பகுதிநேர வேலை பார்க்கிறார். டிசம்பர் வந்தால் பாதி நாள் வேலைக்குப் போக மாட்டார், கடையில் கூட்டம் அலைமோதுகிற மாதம் அது. காரணம், வருமானம் ஒரு கோட்டைத் தாண்டினால் வரி, இன்னொரு கோட்டைத் தாண்டினால் கணவரின் காப்பீட்டிலிருந்து வெளியே. 10 லட்சத்து 30 ஆயிரம் யென்னில் இருந்த வரிக் கோட்டை 2025-ல்தான் தளர்த்தினார்கள். காப்பீட்டுக் கோடு இன்னும் இருக்கிறது. உழைக்கிற பெண்ணை "இவ்வளவு போதும், வீட்டுக்குப் போ" என்று கணக்குப் போட்டு அனுப்புகிற ஏற்பாடு இது. தியாகம் என்று மேடையில் சொல்ல நன்றாக இருக்கும்.

2025 அக்டோபரில் முதல் பெண் பிரதமரும் வந்துவிட்டார். சனாயே தகாயிச்சி கட்சித் தலைவரான அன்றே சொன்னது, வேலை–வாழ்க்கைச் சமநிலை என்ற சொல்லையே தூக்கியெறிகிறேன், வேலை செய்வேன், வேலை செய்வேன், வேலை செய்வேன், வேலை செய்வேன், வேலை செய்வேன். ஐந்து தடவை. வேலைப் பளுவிலேயே செத்துப்போனவர்களின் குடும்பங்களுக்காக வழக்காடும் வக்கீல்கள் கண்டித்தார்கள். அந்தச் சாவுக்குக் கரோஷி என்று தனிப் பெயரே வைத்திருக்கிற நாடு. சார் இதை அடுத்த ஊரில் மேற்கோள் காட்டுவார், பாருங்கள்.

"எங்கோ நடக்கிற விஷயத்துக்கு இவ்வளவு கோபமா?" என்கிறார்கள். எங்கோ இல்லை. 2023-ல் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும் என்றபோது, போருக்குப் பிந்தைய ஜப்பானையும் ஜெர்மனியையும்தான் உதாரணம் காட்டினார். அதே வருஷம் ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு மசோதா போட்டார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். வாயைத் திறந்ததால் நடந்தது. "வேலைநிறுத்தம் பண்ணித் தமிழ்நாடு என்ன வாழ்ந்தது" என்று கேட்கிறவர்கள் வீட்டில் எட்டு மணி நேர வேலை பார்க்கிற பிள்ளை யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

பேசாமல் இருக்கிற கோபம் எங்கே போகும் என்று சார் யோசித்ததுண்டா? எங்கள் பக்கம் வரும். 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் "ஜப்பானியர் முதலில்" என்று கேட்ட சான்செய்தோ கட்சி 14 இடம் பிடித்தது. மக்கள்தொகையில் வெளிநாட்டவர் மூன்று சதவீதம். அரிசி விலைக்கும் அவர்கள்தான் காரணம், சம்பளம் ஏறாததற்கும் அவர்கள்தான் காரணம் என்று பேச்சு. முப்பது வருஷம் சம்பளத்தைப் பிடித்துவைத்தது தோக்கியோவில் இந்தியர்கள் நிறைய இருக்கிற நிஷி கசாயில் இட்லி மாவு விற்கிற அண்ணாச்சியாம். பிரசாரத்தின்போது ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். என் அம்மா வயது இருக்கும். என் பக்கம் நீட்டினார், முகத்தைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டு, மன்னிக்கவும் என்று குனிந்து வணங்கினார். எவ்வளவு மரியாதை! வீடு தேடியபோதும் இதே மரியாதைதான். என் கண் முன்னால் தரகர் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "இந்தியர், ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுகிறார், பெரிய கம்பெனி" என்று எனக்காகக் கெஞ்சினார். வைத்துவிட்டு, "குழம்பு வாசனை…" என்று இழுத்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. பாவம், அவருக்கு நான் ஆறுதல் சொன்னேன்.

இங்கே வரி கட்டுகிறேன், பென்ஷனுக்குக் கட்டுகிறேன், ஓட்டு கிடையாது. வாயைத் திறந்தால் "பிடிக்காவிட்டால் ஊருக்குப் போ" என்று இந்த ஊர்க்காரர்கள். அதையே இப்போது "உப்பிட்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்கிறாள்" என்று தமிழில், நம்மவர்களே, என் பதிவின் கீழேயே. உப்பு சும்மா கிடைக்கவில்லை, ஓவர்டைம் பார்த்து வாங்கினேன். ஜப்பான்காரர்களை நான் திட்டவும் இல்லை. அந்தப் பாட்டியையும் சாம்பல் பட்டைக்காரரையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சாமி கும்பிடாதீர்கள், அவர்களுக்கும் வயிறு உண்டு என்கிறேன். இதில் எது துரோகம்?

நிர்வாகிகள் தனியாகப் பேசினார்கள். விருந்தாளியை அவமதித்துவிட்டேனாம், ஒரு வரி வருத்தம் தெரிவித்தால் முடிந்துவிடுமாம். தெரிவிக்க மாட்டேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு "ஜப்பானிடம் கற்போம், பாகம் 2" என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அதில் டிபன் பொறுப்பு என்று என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். நூறு பேருக்குப் பொங்கலும் சாம்பாரும். வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.