அழகுதான், ஆனால் நமக்கு?

2010இல் ஆப்பிள் முதல் ஐபேடை அறிவித்தபோது, இனி மடிக்கணினியே தேவையில்லை, விலையும் மலிவு என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருந்தார். கொஞ்சம் பொறுங்கள் சார்! 2010 ஜனவரி 27 அன்று ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் சோபா நாற்காலியில் சாய்ந்தபடி காட்டியதை நானும் பார்த்தேன். 9.7 அங்குலத் திரை பளிச்சென்று இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் மாடலில் கேமரா இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு சென்னையில் இருக்கும் அம்மாவிடம் முகம் பார்த்துப் பேச அதில் வழியில்லை. பென் டிரைவ் செருக இடமில்லை. அன்று இணைய வீடியோக்களை ஓட்டப் பரவலாகப் பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருளும் அதில் ஓடவில்லை, ஆகவே பல வீடியோ தளங்களில் வெற்றுக் கட்டம்தான். ஆப்பிளின் கையடக்கப் பாட்டுக் கருவியான ஐபாட் டச்சை இழுத்துப் பெரிதாக்கியது மாதிரி இருந்தது.

499 டாலர் மலிவு என்றீர்கள். அது வெறும் வைஃபை, 16 ஜிபி மாடலின் விலை. 3ஜி (செல்பேசி வழி இணையம்) வேண்டுமானால் இன்னும் 130 டாலர், அதற்கும் அன்றைய வழக்கமான சிம்மைவிடச் சிறிய மைக்ரோ சிம் தேட வேண்டியிருந்தது. அமெரிக்க விலையில் வரி சேராது. இங்கே தென்னாப்பிரிக்காவில் அன்று 14 சதவீதம் வாட் (மதிப்புக் கூட்டு வரி), அப்புறம் இறக்குமதி செய்பவரின் லாபம். நம் நாணயமான ராண்டில் கணக்குப் போட்டால், அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல நெட்புக்கே (சிறிய மடிக்கணினி) வாங்கியிருக்கலாம்.

சரி, வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். எதைப் பார்ப்பது? 2010இல் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிளின் இணையப் பாட்டுக் கடையான ஐடியூன்ஸில் ஒரு பாட்டுகூட வாங்க முடியவில்லை. ஆப்பிளின் மின்புத்தகக் கடையும் அப்போதைக்கு அமெரிக்காவுக்கு மட்டும்தான் என்றார்கள். மாதக் கடைசியில் டேட்டா வரம்பு தீர்ந்து நின்ற நம் ஏடிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பி வழி இணையம்) வேறு!

அடுத்த மாடலில் கேமரா வைக்கட்டும், யோசிக்கிறேன் என்று அன்று விட்டுவிட்டேன்.